மிதிக்கப்படாத செருப்பு

ஶ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணூரில் சாலையோர மெக்கானிக் கடை ஒன்றின் முன்னால் நின்றிருந்தேன். காலை ஷிஃப்ட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒரு தம்பி பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். "அண்ணே, பின்னாடி பிரேக் நிக்கவே மாட்டேங்குது." மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, டிரம்முக்குள்ளிருந்து பிறை வடிவில் இரண்டு துண்டுகளை எடுத்துக் காட்டினார். "ஷூ தேஞ்சு போச்சுப்பா, மாத்திடலாம்." அந்தத் தம்பியின் காலிலும் ஷூதான். அது இல்லாமல் கம்பெனி கேட்டைத் தாண்ட முடியாது.

காலில் கிடந்த பெயர் சக்கரத்துக்குள் எப்படிப் போனது? ஐரோப்பாவில் மலைச்சரிவில் பாரவண்டி இறங்கும்போது, சக்கரம் சுழன்று ஓடிவிடாமல் இருக்க அதன் அடியில் ஓர் இரும்புத் தகட்டை மாட்டுவார்கள். சக்கரம் அதன்மேல் ஏறி நின்றுகொள்ளும். தரையில் உரசிக்கொண்டே இழுபட்டுத் தேய்வது தகடுதான். சக்கரம் செருப்புப் போட்டதைப் போலிருந்ததால் அதற்கும் ஷூ என்றே பெயர் வந்தது. இங்கிலாந்தில் நிஜச் செருப்பே பிரேக்கான கதையும் உண்டு. டெர்பிஷயர் மலைப்பகுதி வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸின் தோலைப் பிரேக் கட்டையில் ஒட்டி ஓட்டியதைக் கவனித்துத்தான், ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897இல் பிரேக்குக்கென்று தனி உராய்வுப் பட்டை செய்யத் தொடங்கினார் என்பார்கள். ஃபெரோடோ கம்பெனி அப்படிப் பிறந்ததுதான். டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து உரசும் பிரேக்கை 1902இல் உருவாக்கியவர் பிரான்ஸின் லூயி ரெனோ. அவர் பெயர் தாங்கிய கார்களின் தொழிற்சாலை 2010இல் நம் ஒரகடத்துக்கே வந்தது.

மெக்கானிக் அந்த இரண்டு துண்டுகளையும் என் கையில் கொடுத்தார். ஒன்று மற்றதைவிட அதிகம் தேய்ந்திருந்தது. பெடலை மிதித்ததும் உள்ளே ஒரு கேம் திரும்பி இரண்டு ஷூவையும் விரிக்கிறது. டிரம் சுழலும் திசையிலேயே விரியும் ஷூவை அந்தச் சுழற்சியே இன்னும் இறுக்கிப் பிடிக்க வைக்கிறது. அதனால் அந்த ஷூ மற்றதைவிடச் சீக்கிரம் தேய்ந்துவிடும். இந்தச் சாலையில் இரவு பகலாக ஓடும் லாரிகளில் பெரும்பாலானவை இன்றும் டிரம் பிரேக்கை நம்பித்தான் ஓடுகின்றன. லைனிங் என்ற உராய்வுப் பட்டை தேய்ந்துபோய் இரும்பு டிரம்மைக் கீறும் அந்தக் கிரீச் சத்தம் இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் பழக்கம்.

ஆங்கிலம் ஒரே சொல்லைக் குதிரைக் குளம்பில் அடிக்கும் இரும்பு, கட்டுமானப் பைலின் முனை, மின்ரயில் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் வாங்கும் தகடு என்று எல்லாவற்றுக்கும் மாட்டிவிட்டது. தமிழ் அப்படிச் செய்யவில்லை. மாட்டுக்குப் போட்டதை லாடம் என்றோம். பிளந்த குளம்பு என்பதால் காலுக்கு இரண்டாக ஒரு மாட்டுக்கு எட்டு லாடம். உலக்கையின் அடியில் பூண். சைக்கிளில் பிரேக் கட்டை. கார் வந்தபோது அதன் பின்பெட்டிக்கு இருந்த பூட் என்ற பெயரை விட்டுவிட்டு டிக்கி என்றோம்.

ஆனால் செருப்பு என்ற நம் சொல்லும் நிறைய ஊர் சுற்றியதுதான். புறநானூற்றில் காலில் கிடக்கிறது. பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்தில் பாலைக் கௌதமனார் பாடும்போது அது பூழி நாட்டு மலையின் பெயர். காலில் போடுவதோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, மிதிக்கப்படாத செருப்பு என்று பொருள்படப் பாடி வைத்தார் அவர். அறுவடை முடிந்து காய்ந்த வயலில் தரையோடு தரையாகப் படரும் செருப்படை என்ற சிறு பூண்டும் உண்டு. சித்த வைத்தியர்கள் அறிந்த மூலிகை அது.

என்னை நெகிழ வைக்கும் பொருள் ஒன்று சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. ஶ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். பெருமாள் கோயிலில் நம் தலையில் வைக்கும் சடாரியின் மேல் இருப்பவை பெருமாளின் திருவடிகள். நம்மாழ்வாரின் பெயரால் அது சடாரி. ராமானுஜர் சந்நிதியில் அதே பொருளுக்குப் பெயர் முதலியாண்டான். முதலியாண்டான் ராமானுஜரின் சகோதரி மகன், சீடர். பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டைப் பக்கம் பிறந்தவர். ராமானுஜரின் குருவான பெரிய நம்பியின் மகள் அத்துழாய்க்குப் புகுந்த வீட்டில் உதவிக்கு ஆள் வேண்டியிருந்தபோது, பெரிய பண்டிதரான முதலியாண்டான் ராமானுஜரின் ஒரு சொல்லுக்காக அங்கே போய் அடுப்படி வேலை செய்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. அப்படிப்பட்டவரைத்தான் ராமானுஜரின் பாதுகையாகவே வைணவர்கள் தலையில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இதே தமிழ்நாட்டில்தான், மேல்சாதித் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடக்க வைக்கப்பட்டவர்கள் இன்னும் நம்மோடு வாழ்கிறார்கள். அடுத்தவரை ஏச நமக்கு முதலில் வாயில் வருவதும் செருப்புதான். தலையில் வைக்கத் தெரிந்த சமூகம் இன்னொருவர் காலில் அது கிடப்பதைப் பொறுக்கவில்லை. இந்த வெட்கத்தை நான் எளிதில் மறக்க விரும்பவில்லை.

அதனால்தான் கம்பெனி கேட்டில் உள்ள விதி எனக்குப் பிடிக்கிறது. மேனேஜரானாலும் நேற்று ஒப்பந்தத்தில் சேர்ந்த தொழிலாளியானாலும் ஷூ போட்டுத்தான் உள்ளே நடக்க வேண்டும். இதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஆம்பூரும் வாணியம்பாடியும். ஷூவுக்கான தோல் பதனிட்டுப் பேர்பெற்ற ஊர்கள். கேட்டில் கேட்கும் சேஃப்டி ஷூவுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15298. ஷூவின் முன்பக்கத் தொப்பி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நேராக விரலில் விழுந்தால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு.

புது பிரேக் ஷூ மாட்டியதும் அந்தத் தம்பி வண்டியை ஒருமுறை ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அவர் காலில் இருந்த ஷூவின் அடி ஒருபக்கம் வழவழப்பாகியிருந்தது. மேல்தோல் கிழிந்து உள்ளிருக்கும் தொப்பி எட்டிப்பார்த்தது. வண்டிக்குப் பார்க்கிற தேய்மானத்தைக் காலுக்கும் பாருங்கள், தம்பிகளே. அடி வழுக்கினாலோ தொப்பி வெளியே தெரிந்தாலோ அந்த ஷூவின் வேலை முடிந்துவிட்டது. கூச்சப்படாமல் வேறு ஜோடி கேட்டு வாங்குங்கள்.