வேலைநீக்கம்: ஃபேர்லேண்ட்ஸ் கடை, மருத்துவமனைத் தொழிலாளரின் உரிமைகள்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஆலைச் சங்கு ஊதுவதில்லை. மருத்துவமனை, துணிக்கடை, நகைக்கடை, உணவகம் என நாள் முழுதும் நின்றபடி உழைப்பவர்களே இங்கு ஏராளம். இவர்களுக்கு வேலை போவது பெரும்பாலும் வாய்வார்த்தையில்தான்: "நாளையிலிருந்து வர வேண்டாம்." அந்த வாய்வார்த்தைக்குக் கடிவாளம் போடச் சட்டம் படிப்படியாக வளர்ந்திருக்கிறது.

தொடக்கம் 1947. அந்த ஆண்டில் மத்திய அரசின் தொழில் தகராறுகள் சட்டமும், சென்னை மாகாணத்தின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் வந்தன. கடை ஊழியருக்கு நேரடியாகக் கைகொடுப்பது இரண்டாவது சட்டம். அதன் 41ஆம் பிரிவின்படி, 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமின்றி நீக்க முடியாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ உண்டு. கல்லாவில் பணம் குறைந்தது என்று பழி சுமத்தி முன்னறிவிப்பில்லாமல் அனுப்புவதானால், முதலாளி விசாரணை வைத்துச் சாட்சியத்தோடு அதை நிரூபிக்க வேண்டும். நீக்கப்பட்டவர் 30 நாளுக்குள் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். இத்தனை வலுவான பிரிவு, அதற்கு உரியவர்களில் பலரின் காதுக்கே எட்டாமல் கிடப்பது பெரும் குறை.

ஆட்குறைப்புக்கு இழப்பீடு 1953இல் மத்தியச் சட்டத்தில் சேர்ந்தது. ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். 6 ஆண்டு உழைத்தவருக்கு 90 நாள் சம்பளம் சேரும். கடைசியாக வந்தவரை முதலில் அனுப்புவது பொதுவிதி.

ஆனால் தனியாளின் வேலைநீக்கத்தைத் தொழில் தகராறாக்க, சங்கமோ சக தொழிலாளர்களோ துணைநிற்க வேண்டியிருந்தது. சங்கமே இல்லாத கடையில் யார் நிற்பார்கள்? 1965 திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. 1971 திருத்தம், குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது.

மருத்துவமனை ஊழியருக்குத் திருப்பம் 1978. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, 'தொழில்' என்ற சொல்லின் பொருளை மருத்துவமனைகள் வரை விரித்தது. செவிலியரும் வார்டு உதவியாளரும் அதனால் இழப்பீடு கேட்க வழி பிறந்தது. தற்காலிகம் என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பதைத் தடுக்க 1981இல் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது: 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம்.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 1947இன் மத்தியச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்துள்ளது. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் ஆலைகளின் வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆனது. இது தொழிலாளருக்குப் பின்னடைவே. அதே நாளில் வந்த ஊதியத் தொகுப்பு, வேலையை விட்டு அனுப்பினால் 2 வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்கச் சொல்கிறது.

உரிமை கைக்கு வர ஆதாரம் வேண்டும். இஎஸ்ஐ அட்டை, பிஎஃப் பாஸ்புக், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு, வருகைப் பதிவேட்டின் படம் எல்லாம் வேலை பார்த்ததற்குச் சாட்சி சொல்லும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், அதுவே பின்னர் ராஜினாமாக் கடிதமாக முளைக்கும். "நாங்கள் நீக்கவில்லை, அவரே போனார்" என்ற வாதமும் கூடவே வரும். அதனால், வாயால் நிறுத்தப்பட்டவர் முதலில் செய்ய வேண்டியது, வேலைக்கு வந்ததையும் திருப்பி அனுப்பப்பட்டதையும் தேதியோடு எழுதி, முதலாளிக்குப் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்வது.