பனியும் சதுப்பும் கூறும் தீ வரலாறு: நீலகிரிப் புல்வெளியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்
எழுத்துச் சான்று இல்லாத காலத்துக் காட்டுத்தீயைத் துருவப் பனிக்கட்டியிலிருந்து மீட்டறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அம்முறை எட்டாத தமிழக மலைப்பகுதிக்கு நீலகிரிச் சதுப்புப் படிவு எவ்வாறு சான்றாகிறது என்பதையும், அச்சான்று மலைமக்கள்மீது சுமத்தப்பட்ட ஒரு பழியை எவ்வளவு தூரம் நீக்குகிறது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காட்டுத்தீ, பனித்தூண், சதுப்பு, மகரந்தம், நீலகிரி, தோடர்.

முன்னுரை
புதுச்சேரி, பாகூர் கொம்யூனைச் சேர்ந்த பனித்திட்டின் பெயரில் பனி உண்டு. ஆயின் அது மார்கழி விடியலில் புல்நுனியில் நின்று, வெயில் ஏறியதும் மறைவது. துருவப் பனியோ மறைவதில்லை. ஆண்டுதோறும் படலம் படலமாகப் படிந்து, தான் படிந்த காலத்துக் காற்றையும் தூசியையும் உள்ளடக்கிக் கொள்கிறது. அண்டார்க்டிகாவில் துளைத்தெடுக்கப்பட்ட பனித்தூண் ஒன்று 8 இலட்சம் ஆண்டுகள் வரை பின்செல்கிறது.

பனி காக்கும் புகை
மரமும் புல்லும் எரியும்போது அவற்றின் செல்லுலோசு சிதைந்து லெவோகுளுகோசன் என்னும் சேர்மம் உண்டாகிறது. இது புகையோடு பறந்து பனியில் படிகிறது. கரும்புகைத்துகளும் அவ்வாறே படியும். ஆனால் அது நிலக்கரியிலிருந்தும் வரக்கூடும். ஆகவே ஒரு சான்றை மற்றொன்றோடு ஒப்பிட்டே முடிவு காணவேண்டும். கிரீன்லாந்துப் பனியில் கரும்புகைத்துகள் 1906–1910 ஆண்டுகளில் உச்சம் தொட்டதற்குக் காட்டுத்தீயைவிட ஆலைப்புகையே முதன்மைக் காரணம் என்பது இத்தகைய ஒப்பீட்டால் தெளிவாயிற்று. அண்டார்க்டிகத் தீபகற்பப் பகுதியின் பனியில் 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் மிகுந்த கரும்புகையை, நியூசிலாந்தில் மாவோரி மக்கள் குடியேறிக் காடெரித்ததோடு 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு தொடர்புபடுத்தியது.

எனினும் புகை எல்லாத் திசையிலும் சமமாகச் செல்வதில்லை. கிரீன்லாந்துப் பனி பெரிதும் வடபுலக் காடுகளின் தீயையே பதிவு செய்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலையின் தீயை அங்கே தேடுவதில் பயனில்லை. அதற்கு அம்மலையையே நாடவேண்டும்.

நீலகிரிச் சதுப்பு
உதகைக்கு அருகிலுள்ள சாண்டிநல்லாவில் முற்றா நிலக்கரிச் சதுப்பு உள்ளது. மட்காத தாவர எச்சம் அங்கே அடுக்கடுக்காகப் படிந்துள்ளது. அதன் மகரந்தத் துகள்களை ஆராய்ந்த ஜி. வசந்தியின் கட்டுரை 1988இல் வெளிவந்தது. இத்துறைக்குத் தமிழகச் சூழலில் வலுவான அடித்தளம் இட்டது, 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். அங்கு மகரந்த ஆய்வுக்கூடத்தை வளர்த்தவர் க. தணிகைமணி, 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சி விமானக் கடத்தலில் அவர் உயிரிழந்தார்.

1993இல் இரா. சுகுமார், ஆர். ரமேஷ், ஆர். கே. பந்த், ஜி. இராஜகோபாலன் ஆகியோர் நீலகிரிச் சதுப்பின் கரிம ஓரிடத்தான்களை அளந்து நேச்சர் இதழில் வெளியிட்டனர். மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலுள்ள கரிமத்தை வெவ்வேறு வழியில் ஏற்பதால், படிவிலுள்ள ஓரிடத்தான் விகிதம் அக்காலத்தில் எது மிகுந்திருந்தது என்பதைக் காட்டிவிடும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய வறண்ட பனியூழியிலேயே அங்குப் புல் மிகுந்திருந்தமை இவ்வாறு புலப்பட்டது. ஈரம் மிகுந்த காலங்களில் மரமும், வறண்ட காலங்களில் புல்லும் மேலோங்கின.

தீயும் பழியும்
இம்முடிவின் வரலாற்றுப் பயன் பெரிது. சோலைக் காட்டை மலைமக்கள் எரித்தழித்ததால் உண்டானதே நீலகிரிப் புல்வெளி என்னும் கருத்து நெடுங்காலம் வழங்கியது. அக்கருத்து, புல்வெளியைப் பயனற்ற நிலமாகவும், தோடர்களைக் காட்டை அழித்தவர்களாகவும் காணத் துணைசெய்தது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து அந்நிலத்தில் சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டன. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் ஒதுக்கப்பட்ட காடுகளில் தீயிடுவதைக் குற்றமாக்கியது. எருமைகளுக்குப் புதுப்புல் தளிர்க்கும்பொருட்டுக் கோடையில் பழம்புல்லை எரித்த தோடர் வழக்கம் இச்சூழலில் நலிந்தது.

சதுப்புச் சான்று அப்பழியின் அடித்தளத்தை அசைக்கிறது. எனினும் அதனை மிகைப்படுத்தலாகாது. ஓரிடத்தான் தாவரத்தைச் சொல்லுமே அன்றித் தீயைச் சொல்லாது. புல்வெளி தொன்மையானது என்பதால் அங்கே மக்கள் தீயிடவில்லை என்று ஆகிவிடாது. மலைநிலத்தார் காடெரித்துத் தினை விதைத்த புனத்தைக் குறுந்தொகையும் அறியும். தீயிட்டமை வேறு, தீயால் ஒரு நிலத்தையே உருவாக்கினமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே பழைய கருத்தின் பிழை.

முடிவுரை
பனித்தூண் உலகளாவிய தீயின் போக்கைக் காட்டும். ஒரு மலையின் தீயை அம்மலைச் சதுப்பின் மரக்கரித் துகள்களே காட்டும். எனவே நீலகிரிப் படிவுகளில் மகரந்தம், ஓரிடத்தான், மரக்கரி மூன்றையும் ஒரே அடுக்கில் வைத்து எண்ணும் ஆய்வு வேண்டும். இலக்கியச் சான்றையும் தோடர் வாய்மொழியையும் அதனோடு இணைத்துக் காணவேண்டும். சீகை பரவிய புல்வெளியை மீட்கும் முயற்சிகள் நடைபெறும் இக்காலத்தில், அங்குத் தீக்கு இடமுண்டா என்ற வினாவிற்கு விடை அச்சதுப்பிலிருந்தே தொடங்கவேண்டும்.