மண்வெட்டி வெட்டிய கடற்கரைச் சாலை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துத் தென்கடலோரத்தில், டார்கீ என்ற ஊரில் தொடங்கி ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து போகிறது கிரேட் ஓஷன் ரோடு. மெல்பர்னில் இறங்கி வாடகைக்குக் காரோ, படுக்கையும் அடுப்பும் வைத்த கேம்பர்வேனோ எடுக்கிறவர்களில் பலருக்கும் போகவேண்டிய வழி இதுதான். மெல்பர்னில் வாழும் தமிழர்களும் ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்தால் ஒரு சனிக்கிழமை காலையில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். எல்லோருக்கும் பார்க்கவேண்டியது ‘பன்னிரு அப்போஸ்தலர்’ என்ற பாறைத் தூண்கள். அந்தத் தூண்களைக் கடல் செதுக்கியது. அங்கே கூட்டிப் போகும் சாலையைச் செதுக்கியவர்கள் முதல் உலகப் போரிலிருந்து உயிரோடு திரும்பிய சுமார் 3,000 பேர்.

அதற்கு முன் இந்தக் கரையில் சாலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வதவுரங், கடுபனுட் முதலிய பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த நிலம் இது. ஐரோப்பியர் வந்து குடியேறிய பிறகும் லார்ன், அப்பல்லோ பே போன்ற ஊர்கள் தனித்தீவுகளாகவே கிடந்தன. ஒருபுறம் ஆட்வே மலைக்காடு. மறுபுறம் கப்பல்களை விழுங்குவதில் பேர்போன கடல். 1878இல் லாக் ஆர்டு என்ற கப்பல் இந்தக் கரையில் மோதியபோது அதிலிருந்த 54 பேரில் இருவர்தான் பிழைத்தார்கள். காட்டுச் சேற்றில் குதிரை வண்டி, இல்லாவிட்டால் கடல்வழி. வேறு போக்கு இல்லை.

போர் முடியும் தறுவாயில் இரண்டு தேவைகள் ஒன்றாகச் சேர்ந்தன. ஐம்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள் இருந்த நாட்டில் சுமார் 60,000 இளைஞர்கள் போரில் மாண்டிருந்தார்கள். திரும்பி வரப்போகிறவர்களுக்கோ வேலை வேண்டும். மாநிலச் சாலை வாரியத்தின் தலைவர் வில்லியம் கால்டர், ஆள் நடமாட்டம் குறைந்த பகுதிகளில் சாலை போடும் வேலையை அவர்களுக்குத் தரலாம், அதற்கு நிதி ஒதுக்குங்கள் என்று கேட்டார். ஜீலாங் நகர மேயர் ஹோவர்டு ஹிட்ச்காக் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார். அவர் கணக்கில் இது வேலைவாய்ப்பு மட்டுமல்ல. இறந்தவர்களுக்குக் கல்தூண் நாட்டுவதைவிட, உயிரோடிருப்பவர்கள் பயணம் போய் மகிழும் சாலை ஒன்றை அவர்கள் பெயரால் அமைப்பது மேல் என்று அவர் நம்பினார்.

1918இல் கிரேட் ஓஷன் ரோடு டிரஸ்ட் உருவானது. ஹிட்ச்காக் தம் கையிலிருந்து 3,000 பவுண்டு போட்டார், மீதிக்கு ஊர் ஊராக நன்கொடை திரட்டினார்கள். சாலையில் வரும் வண்டிகளிடம் சுங்கம் வசூலித்துக் கடனை அடைப்பது, அடைந்த பிறகு சாலையை அரசுக்குத் தானமாக எழுதிக்கொடுப்பது என்பது ஏற்பாடு. அதே 1918இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வால்டர் ஜேக்கப்ஸ் என்ற 22 வயது இளைஞர் ஒரு டஜன் ஃபோர்டு மாடல் டி கார்களை வைத்து வாடகைக் கார் தொழிலைத் தொடங்கியிருந்தார். 1923இல் ஜான் ஹெர்ட்ஸ் அதை வாங்க, பிற்பாடு அது ஹெர்ட்ஸ் என்ற பெயரில் உலகமெங்கும் பரவியது. பூமியின் இரு கோடிகளில் நடந்த இந்த இரண்டு காரியங்களுக்கும் அன்று யாதொரு தொடர்பும் கிடையாது. ஆனால் சொந்தக் கார் இல்லாதவனும் இன்று அந்தச் சாலையில் ஓட்டிப் போகிறான் என்றால் இரண்டும் சேர்ந்துதான் காரணம்.

1919 செப்டம்பர் 19ஆம் தேதி வேலை தொடங்கியது. கனரக எந்திரம் எதுவும் இல்லை. கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி, பாறையைப் பிளக்க வெடிமருந்து, அவ்வளவுதான். செங்குத்தான மலைச்சரிவில் நின்று வெட்டினார்கள். கால் தவறினால் கீழே கடல். வேலையில் சிலர் செத்தும் போனார்கள். வெடி வைக்கும் டெட்டனேட்டர்களைக் கரடுமுரடான பாதையில் கொண்டுபோகும்போது குலுங்காமல் இருக்கத் தங்கள் மடியிலேயே வைத்துக்கொண்டு போவார்களாம். போர்க்களத்தைப் பார்த்து வந்தவர்களுக்கு அது பழகிப்போன ஆபத்து.

எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்குப் பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் கூலி. சனிக்கிழமை அரைநாள். கூடாரத்தில் தங்கல், பொதுவான சமையல், சாப்பாட்டுக்கு வாரம் பத்து ஷில்லிங் வரை பிடித்தம். ஆனால் அந்த முகாம்களில் ஒரு பியானோ இருந்தது. கிராமபோனும் விளையாட்டுச் சாமான்களும் நாளிதழ்களும் இருந்தன. காட்டுக்குள் பியானோவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு, இந்த மனிதர்களின் கைகளுக்கு வேலை தந்தால் மட்டும் போதாது என்று தெரிந்திருக்கிறது. இந்தச் சாலையின் கதையில் கடப்பாரைக்குச் சமமாக அந்தப் பியானோவையும் சொல்லவேண்டும்.

1924இல் கேப் பேட்டன் அருகே கேசினோ என்ற நீராவிக் கப்பல் பாறையில் சிக்கியது. பாரத்தைக் குறைக்க 500 பீப்பாய் பீரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் தள்ளினார்கள். அலை அதைக் கரைக்குக் கொண்டுவந்தது, கரையில் நின்றவர்கள் சாலைத் தொழிலாளர்கள். இரண்டு வாரம் வேலை நின்றுபோனது! அந்தக் கேசினோவின் முடிவு துயரமானது. 1932 ஜூலையில் அப்பல்லோ பே கரையோரம் அது மூழ்கியது, பத்துப் பேர் மாண்டார்கள். அப்பல்லோ பேக்குச் சாலை வந்து சேர அப்போது இன்னும் சில மாதங்களே பாக்கி.

ஈஸ்டர்ன் வியூவிலிருந்து லார்ன் வரையிலான பகுதி 1922 மார்ச்சில் திறக்கப்பட்டது. லார்னைத் தாண்டி அப்பல்லோ பே வரை போகும் பகுதிதான் கடினம். அதற்கு மேலும் பத்து ஆண்டு பிடித்தது. 1932 நவம்பர் 26ஆம் தேதி மாநிலத் துணைநிலை ஆளுநர் சர் வில்லியம் இர்வின் சாலையைத் திறந்துவைத்தார். ஹிட்ச்காக் அதைப் பார்க்கவில்லை. அந்த ஆகஸ்டில்தான் அவர் இறந்திருந்தார். திறப்பு விழா ஊர்வலத்தில் ஆளுநர் காருக்குப் பின்னால் ஹிட்ச்காக்கின் காரை ஓட்டிப் போனார்கள்.

மோட்டார் காருக்கு இரண்டு ஷில்லிங் சுங்கம் வாங்கினார்கள். இரண்டுக்கு மேற்பட்ட குதிரைகள் இழுக்கும் வண்டிக்குப் பத்து ஷில்லிங். பணம் கொடுத்து வந்தவர்களுக்குப் பயணம் எளிதாக இருக்கவில்லை. ஒரு வண்டி தாராளமாகப் போகும் அகலம்தான். எதிரே இன்னொன்று வந்துவிட்டால் ஒதுங்க இடம் தேடவேண்டும், அதுவும் செங்குத்துப் பாறை விளிம்பில். 1936 அக்டோபர் 2ஆம் தேதி, கதீட்ரல் ராக் சுங்கச்சாவடியில் நடந்த விழாவில் சாலைப் பத்திரத்தை மாநில முதல்வரிடம் கொடுத்தார்கள். அன்றோடு சுங்கமும் ஒழிந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய டிரஸ்ட் என்ற வகையில் அது வணங்கத்தக்கது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய தலைமுறை வேறு காரணத்துக்காக இங்கே வந்தது. டார்கீ பக்கத்தில் பெல்ஸ் பீச்சில் அலைச்சறுக்கு இளைஞர்கள் கூடத் தொடங்கினார்கள். கடற்கரைக்கு இறங்க வழி இல்லை. 1960இல் ஜோ ஸ்வீனி என்ற அலைச்சறுக்கு வீரர் புல்டோசர் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பாதை வெட்டி, செலவை ஈடுகட்ட வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு பவுண்டு வாங்கினார். ஹிட்ச்காக்கின் அதே முறை! 1962இல் அங்கே போட்டி தொடங்கியது. 1969இல் ரிப் கர்ல், குவிக்சில்வர் என்ற இரண்டு அலைச்சறுக்கு நிறுவனங்களும் டார்கீயிலேயே பிறந்தன. கூரைமேல் பலகையைக் கட்டி, உள்ளே மெத்தையைப் போட்டுக்கொண்டு அலை தேடிப் போனவர்களின் வண்டி ஃபோக்ஸ்வாகன் வேன். 1950இல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கிய அதை ஆஸ்திரேலியர் ‘கோம்பி’ என்றே அழைத்தார்கள். கேம்பர்வேன் வாடகைக்கு எடுத்துப் போகிறவர்கள் இன்று நாடும் சுகத்தை முதலில் ருசித்தவர்கள் இவர்களைப் போன்றவர்கள்தான்.

இப்போது சாலை அகலமாகியிருக்கிறது, ஆனால் வளைவுகள் அப்படியே இருக்கின்றன. வலப்பக்கம் ஓட்டும் நாடுகளிலிருந்து வந்து வாடகைக் கார் எடுத்தவர்கள் தடம் மாறிவிடக்கூடாது என்பதற்காகத் தரையிலேயே அம்புக்குறிகளும், இடப்பக்கம் ஓட்டச் சொல்லும் பலகைகளும் இருக்கின்றன. நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. டார்கீயிலிருந்து மேற்கே போனால் கடல் நம் தடத்தை ஒட்டியே வரும். மெதுவாகப் போகும் பெரிய வேன்கள் ஒதுங்கிப் பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட இடங்கள் விட்டிருக்கிறார்கள். இரவில் காரவன் பார்க்கில் இடம் பிடிப்பதுதான் முறை. நினைத்த இடத்தில் சாலையோரம் நிறுத்திப் படுக்க முடியாது.

குறையாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. பலர் ஒரே நாளில் போய்த் திரும்பும் அவசரத்தில் அப்போஸ்தலர் பாறைகளை நோக்கியே விரட்டுகிறார்கள். அந்தப் பாறைகள் என்றைக்கும் பன்னிரண்டு இருந்ததில்லை. ஒன்பதில் ஒன்று 2005 ஜூலையில் சரிந்து விழுந்தது. பக்கத்திலிருந்த லண்டன் பிரிட்ஜ் என்ற பாறைப்பாலம் 1990 ஜனவரியில் இடிந்தபோது அப்பால் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். பார்க்கவேண்டிய இடங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் போர்வீரர்கள் ரத்தமும் வியர்வையுமாகக் குடைந்த பகுதி அதற்கு வெகு முன்னால், ஈஸ்டர்ன் வியூவுக்கும் அப்பல்லோ பேக்கும் நடுவில் இருக்கிறது. லார்னில் டெடிஸ் லுக்அவுட் என்ற மேட்டில் ஏறி நின்றால் மலையை அறுத்துக்கொண்டு சாலை போவது தெரியும். வாடகை நாளில் ஒன்றைக் கூட்டி இங்கே செலவிடலாம்.

மலையை வெட்டிய சாலைக்குப் பராமரிப்பு முடிவதில்லை. 2015 கிறிஸ்துமஸ் அன்று பரவிய காட்டுத்தீயில் வை ரிவர், செபரேஷன் கிரீக் ஊர்களில் 116 வீடுகள் எரிந்தன. மரங்கள் போன சரிவில் அடுத்த ஆண்டு மழை பெய்தபோது மண் சரிந்து சாலை மூடப்பட்டது. பொறியாளர்கள் சரிவில் வலை விரித்து, பாறைக்குள் இரும்புக் கம்பிகளை இறக்கி, பகுதி பகுதியாகத் திறந்துவிட்டார்கள். பலத்த மழைக்குப் பிறகு இந்தப் பக்கம் கிளம்புகிறவர்கள் வண்டி எடுக்கும் முன் எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.