நீல நீர்மூழ்கி எண் 6

நீல நீர்மூழ்கி எண் 6 என்பது 1998 முதல் 2000 வரை வெளிவந்த ஜப்பானிய அறிவியல் புனைவு அசைவூட்டத் தொடர் ஆகும். இதன் ஜப்பானியப் பெயர் ஆவோ நோ ரோக்குகோ. ஆங்கிலத்தில் ப்ளூ சப்மரீன் நம்பர் 6 என அறியப்படுகிறது. கடல் நீரில் மூழ்கிய உலகில், எஞ்சிய மனிதருக்கும் கடல்வாழ் கலப்புயிர்களுக்கும் இடையே நடக்கும் போரை இத்தொடர் சித்தரிக்கிறது. கையால் வரையப்பட்ட கதைமாந்தரையும் கணினியில் முப்பரிமாணமாக உருவாக்கப்பட்ட கப்பல்களையும் தொடர் முழுவதும் ஒரே சட்டகத்தில் இணைத்த தொடக்ககால முயற்சிகளுள் இது முக்கியமானதாகக் கருதப்படுகிறது.

வகை: அறிவியல் புனைவு, போர்
மூலக்கதை: சத்தோரு ஒசாவா
இயக்கம்: மாஹிரோ மாஎதா
திரைக்கதை: ஹிரோஷி யாமகுச்சி
இசை: தி த்ரில் இசைக்குழு
தயாரிப்பு: கோன்சோ
வெளியீடு: பண்டாய் விஷுவல்
பகுதிகள்: 4
வெளியான காலம்: அக்டோபர் 1998 – மார்ச் 2000

மூலக்கதை

ஜப்பானில் கடலடிப் போர்க்கப்பல் பற்றிய புனைவுகளுக்கு நீண்ட மரபு உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வேர்ன் 1870ஆம் ஆண்டில் நூலாக்கிய கடலடிப் பயணப் புதினம் இம்மரபுக்கு ஒரு தூண்டுகோலாக அமைந்தது. அப்புதினத்தில் வரும் நீர்மூழ்கித் தலைவர் நீமோ, உண்மையில் பந்தேல்கண்டைச் சேர்ந்த டக்கார் என்னும் இந்திய இளவரசர் என்பதை வேர்ன் தமது பிந்தைய புதினம் ஒன்றில் வெளிப்படுத்தினார். ஜப்பானில் ஷுன்ரோ ஒஷிகாவா 1900ஆம் ஆண்டில் எழுதிய கடலடிப் போர்க்கப்பல் கதை பெரும் வரவேற்பைப் பெற்றது. அதைத் தழுவிய திரைப்படம் 1963இல் வெளிவந்தது.

சத்தோரு ஒசாவா, மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளில் இம்மரபைத் தொடர்ந்தவர். 1963இல் தொடங்கிய சப்மரீன் 707 என்ற படக்கதையை அடுத்து, 1967இல் வாராந்திர ஷோனென் சண்டே இதழில் நீல நீர்மூழ்கி எண் 6 கதையை வரைந்தார். பல நாடுகள் இணைந்து அமைத்த 'நீலம்' என்னும் கடற்பாதுகாப்பு அமைப்பின் கப்பல்கள் எண்களால் குறிக்கப்படுகின்றன. அவற்றுள் ஜப்பானின் கப்பல் ஆறாவது. தலைப்பின் பொருள் இதுவே. மூலக்கதையில் இவ்வமைப்பு, கடலைக் கைப்பற்ற முயலும் மாக்ஸ் என்ற இரகசிய அமைப்பை எதிர்த்துப் போரிடுகிறது. அசைவூட்டத் தொடர் கப்பலின் பெயரையும் சில கதைமாந்தரையும் எடுத்துக்கொண்டு, கதையைப் பெரிதும் மாற்றி அமைத்தது.

கதைச்சுருக்கம்

சோர்ண்டைக் என்னும் அறிவியலாளர் உலகின் நிலப்பரப்பில் பெரும்பகுதியைக் கடலில் மூழ்கடித்துவிடுகிறார். மக்களில் பெரும்பாலோர் இறந்துவிட, எஞ்சியோர் சில குடியிருப்புகளில் ஒதுங்கி வாழ்கின்றனர். மனிதரின் இடத்தைப் பெற, விலங்குகளின் இயல்பு கலந்த புதிய உயிரினங்களையும் சோர்ண்டைக் உருவாக்கியுள்ளார். அவை அவரைத் தந்தையாக மதிக்கின்றன, மனிதருடன் போரிடுகின்றன.

தென் துருவத்தில் புவியின் உள்வெப்பத்தைக் கொண்டு புவியின் துருவங்களையே இடம்பெயரச் செய்ய அவர் திட்டமிடுகிறார். அதைத் தடுக்க நீர்மூழ்கிப் படை தென் துருவத்துக்குப் புறப்படுகிறது. இறுதி வழியாக அணு ஆயுதத்தைப் பயன்படுத்தவும் மனிதர் தரப்பு ஆயத்தமாகிறது.

படையை விட்டு விலகி, மூழ்கிய நகரின் இடிபாடுகளிடையே வாழும் முன்னாள் அதிகாரி டெட்சு ஹயாமியை மீண்டும் பணிக்கு அழைக்க இளம் அதிகாரி மயூமி கினோ வருகிறார். முதலில் மறுக்கும் ஹயாமி பின்னர் உடன்படுகிறார். போரிடையே, எதிரித் தரப்பைச் சேர்ந்த மியூட்டியோ என்னும் கடற்பெண்ணை அவர் காப்பாற்றுகிறார். மனிதனுடன் பழகியதற்காக அவள் தன் இனத்தவரின் வெறுப்புக்கு ஆளாகிறாள். எதிரியும் உணர்வுள்ள உயிரே என்பதை ஹயாமி அறியத் தொடங்கும் இந்நிகழ்விலிருந்தே கதையின் திசை மாறுகிறது.

இறுதிப் பகுதியில் ஹயாமி சோர்ண்டைக்கை நேரில் சந்திக்கிறார். தாம் படைத்த உயிர்களுடன் மனிதர் பேசிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே அம்முதியவரின் கடைசிக் கோரிக்கையாக அமைகிறது. தொடர் எந்தத் தரப்பின் முழு வெற்றியுடனும் முடிவதில்லை.

முதன்மைக் கதைமாந்தர்

டெட்சு ஹயாமி: முன்னாள் கடற்படை வீரர்; கிராம்பஸ் என்னும் சிறு நீர்மூழ்கியைச் செலுத்துவதில் வல்லவர்.

மயூமி கினோ: எண் 6 கப்பலின் இளம் அதிகாரி. கடமையில் உறுதியானவர், எதிரியின் மீது இரக்கம் காட்டுவதைத் தொடக்கத்தில் ஏற்காதவர்.

மியூட்டியோ: செந்நிறக் கண்களைக் கொண்ட கடற்பெண். மனித மொழியைப் பேசாதவள்.

வெர்க்: சுறாவை ஒத்த தோற்றமுடைய எதிரித் தளபதி. தந்தையின் அன்பைப் பெறப் போரே வழி என நம்புகிறவன்.

சோர்ண்டைக்: கலப்புயிர்களைப் படைத்த அறிவியலாளர்.

உருவாக்கம்

கோன்சோ நிறுவனம் 1992இல், கைனாக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கலைஞர்கள் சிலரால் தொடங்கப்பட்டது. நிகழ்பட ஆட்டங்களுக்கு அசைவூட்டக் காட்சிகளை அமைத்து வந்த இந்நிறுவனம் தயாரித்த முதல் தொடர் இதுவாகும். இயக்குநர் மாஎதா, வேர்னின் புதினத்தைத் தழுவி கைனாக்ஸ் தயாரித்த நாடியா (1990–1991) தொலைக்காட்சித் தொடரிலும் பணியாற்றியவர். எனவே, கடலடிக் களம் அவருக்குப் புதிதன்று.

கதைமாந்தரின் தோற்ற வடிவமைப்பில் ரேஞ்சி முராத்தாவும், இயந்திரங்களின் வடிவமைப்பில் ஷோஜி கவாமோரி, இக்குத்தோ யமஷித்தா ஆகியோரும் பங்கேற்றனர். போர்க்காட்சிகளுக்கு வழக்கமான பல்லிய இசையைத் தவிர்த்து, பித்தளை ஊதுகருவிகள் முழங்கும் ஜாஸ் இசையை தி த்ரில் குழு அமைத்தது.

அசைவூட்ட நுட்பம்

கைவரைவும் கணினியும்

மரபான அசைவூட்டத்தில் ஒவ்வொரு படமும் தாளில் வரையப்பட்டு, செல் எனப்படும் ஒளிபுகும் தகட்டில் படியெடுக்கப்பட்டு, பின்புறம் வண்ணம் தீட்டப்படும். பின்னணி ஓவியத்தின் மீது அத்தகட்டை வைத்து ஒவ்வொரு சட்டகமாக ஒளிப்படம் எடுப்பர். இத்தொடரில் தகடும் ஒளிப்படக் கருவியும் கைவிடப்பட்டன. தாளில் வரைந்த படங்கள் வருடி மூலம் கணினியில் ஏற்றப்பட்டு, அங்கேயே வண்ணமும் பின்னணியும் சேர்க்கப்பட்டன. ஜப்பானிய அசைவூட்டத் துறை முழுவதும் இம்முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. நெடுங்காலமாக ஒளிபரப்பாகும் சசாஎ-சான் தொடர் மட்டும் 2013 வரை தகட்டைக் கைவிடவில்லை.

நீர்மூழ்கிகள், ஆயுதங்கள், கடற்பரப்பு ஆகியவை முப்பரிமாண வடிவங்களாகக் கணினியில் உருவாக்கப்பட்டன. மனித முகங்களும் உடலசைவுகளும் கைவரைவாகவே இருந்தன. இப்பங்கீட்டுக்குக் காரணம் உண்டு. நீர்மூழ்கி விறைப்பான பொருள். அதன் வடிவம் மாறுவதில்லை. ஒருமுறை பல்கோணங்களால் அதை அமைத்துவிட்டால், எந்தக் கோணத்திலிருந்தும் பிழையின்றிக் காட்டலாம். கையால் வரையும்போது, திரும்பும் கப்பலின் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக அளவுப் பொருத்தம் பார்க்க வேண்டும். முகமோ தோல், தசை, மயிர் என எல்லாம் நெகிழ்வது. அக்காலக் கணினிகளால் அதை நம்பும்படி காட்டுவது கடினமாக இருந்தது.

கடலடியின் வசதி

நீரின் மேற்பரப்பு கணினி வரைகலைக்குக் கடினமானது. தி அபிஸ் (1989) என்ற அமெரிக்கத் திரைப்படத்தில் நீராலான உருவம் தோன்றும் காட்சி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் மட்டுமே நீளும்; அதற்கே பல மாத உழைப்பு தேவைப்பட்டது. ஆனால் நீருக்குள் நிலைமை வேறு. நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சிவிடுகிறது. நீல ஒளியே ஆழம் வரை செல்கிறது. ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழ் மங்கல் ஒளியே உண்டு. 1,000 மீட்டருக்குக் கீழ் சூரிய ஒளி எட்டுவதில்லை.

எனவே, கடலடிக் காட்சியில் தொலைவிலுள்ள பொருள்கள் நீலத்தில் மங்கி மறைவது இயல்பே. பின்னணியில் நுணுக்கங்கள் குறைவாக இருப்பதைப் பார்வையாளர் குறையாகக் கொள்வதில்லை. கைவரைவு, முப்பரிமாண வடிவம் ஆகிய இரண்டின் மீதும் ஒரே நீலச் சாயலைப் படரவிட்டு அவற்றின் வேறுபாட்டை ஓரளவு மறைக்கவும் இயலும்.

வேக வேறுபாடு

இரு முறைகளும் முழுமையாக இணையவில்லை என்பது இத்தொடரைப் பற்றிப் பரவலாகச் சுட்டப்படும் குறையாகும். இதற்கு நிறமும் கோடும் மட்டும் காரணமல்ல. திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டகங்கள் உள்ளன. ஜப்பானிய அசைவூட்டத்தில் உழைப்பைக் குறைக்க ஒரே படத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தி, நொடிக்கு எட்டுப் படங்களைக் காட்டுவது வழக்கம். கணினியோ ஒவ்வொரு சட்டகத்துக்கும் புதிய படத்தைத் தரவல்லது. வழுக்கிச் செல்லும் கப்பலும் விட்டுவிட்டு அசையும் மனிதரும் அருகருகே தோன்றினால், ஏன் என்று அறியாமலே கண் வேறுபாட்டை உணர்ந்துவிடுகிறது. பிற்காலத் தயாரிப்புகள் பலவற்றில், கைவரைவுடன் ஒத்துப்போகும் பொருட்டு கணினி வடிவங்களின் படங்களும் வேண்டுமென்றே குறைக்கப்பட்டன.

கடல்மட்டமும் அறிவியலும்

நிலம் கடலில் மூழ்கும் கருத்து தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமானது. கடல்கோள் என்ற சொல்லே தமிழில் உண்டு. குமரிமலையையும் பஃறுளியாற்றையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது.

கதையில் தென் துருவம் இலக்காக அமைகிறது. வட துருவக் கடலில் மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் பெரிதாக உயராது. மிதக்கும் பனி தன் எடைக்கு நிகரான நீரை முன்பே விலக்கியிருக்கிறது. அண்டார்க்டிக்காவின் பனியோ நிலத்தின் மீது உள்ளது. அது முழுவதும் உருகினால் கடல்மட்டம் சுமார் 58 மீட்டர் உயரும். கிரீன்லாந்துப் பனி மேலும் 7 மீட்டரைச் சேர்க்கும். அந்நிலையில் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி ஆகியவை நீருக்கடியில் இருக்கும். ஆனால் கடல்மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர் உயரத்தில் உள்ள தருமபுரி மாவட்டத்தின் அதியமான்கோட்டை போன்ற ஊர்களைக் கடல் எட்டாது. உலகின் நிலப்பரப்பில் பெரும்பகுதி மூழ்குவது பனி உருகுவதால் மட்டும் நிகழாது என்பதால், இத்தொடரில் காட்டப்படும் அளவு புனைவே ஆகும். அத்தகைய முழுமையான உருகலுக்கும் பல நூற்றாண்டுகள் முதல் பல்லாயிரம் ஆண்டுகள் வரை தேவைப்படும்.

வெளியீடு

இத்தொடர் திரையரங்கிலோ தொலைக்காட்சியிலோ முதலில் வெளியாகவில்லை. ஓ.வி.ஏ எனப்படும் முறையில், வீட்டில் பார்க்கும் வகையில் நேரடியாக விற்பனைக்கு வந்தது. நான்கு பகுதிகளும் வெளிவர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க்கின் டூனாமி நிகழ்ச்சியில் 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஒளிபரப்பானது. அதே ஆண்டில் சேகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் கருவிக்கான நிகழ்பட ஆட்டமாகவும் வெளிவந்தது.

இந்தியாவில் சமகால முயற்சிகள்

இத்தொடரின் இறுதிப் பகுதி வெளியான 2000ஆம் ஆண்டிலேயே, சென்னையைச் சேர்ந்த பென்டாஃபோர் நிறுவனம் பங்கேற்ற சிந்துபாத்: பியாண்ட் த வெய்ல் ஆஃப் மிஸ்ட்ஸ் என்ற ஆங்கிலக் கணினி அசைவூட்டத் திரைப்படமும் வெளிவந்தது. இந்நிறுவனம் பின்னர் பென்டாமீடியா கிராபிக்ஸ் எனப் பெயர் மாறியது. பாண்டவர்களின் கதையைக் கூறும் முப்பரிமாணத் திரைப்படத்தையும் அது 2000இல் உருவாக்கியது.

சிந்துபாத், மனிதக் கதைமாந்தரை முழுவதும் அசைவுப் பதிவு முறையில் உருவாக்கிய முதல் முழுநீளக் கணினி அசைவூட்டத் திரைப்படமாகக் குறிப்பிடப்படுகிறது. நடிகர்களின் உடலசைவுகள் 1997இல் லாஸ் ஏஞ்சல்சில் மூன்று மாதங்கள் பதிவு செய்யப்பட்டன. கணினியால் மனிதரை எவ்வாறு அசைய வைப்பது என்ற ஒரே சிக்கலுக்கு இரு வேறு விடைகள் ஒரே காலத்தில் முயலப்பட்டன எனலாம். சிந்துபாத் குழு உண்மை மனிதரின் அசைவைக் கருவியால் அளந்து கணினிக்குக் கொடுத்தது. கோன்சோ மனிதரை ஓவியரின் கையிலேயே விட்டுவிட்டது. சிந்துபாத் வணிக நோக்கில் பெருந்தோல்வி அடைந்தது. தமிழில் அசைவுப் பதிவைப் பெருமளவில் பயன்படுத்திய கோச்சடையான் 2014இல் வெளிவந்தது.

தாக்கம்

முழுவதும் முப்பரிமாணக் கணினி வரைகலையில் அமைந்த ஜப்பானியத் திரைப்படங்கள் அடுத்து வந்த ஆண்டுகளில் வெளியாயின. ஃபைனல் ஃபேன்டசி: தி ஸ்பிரிட்ஸ் விதின் (2001) மனித முகத்தை ஒளிப்படம் போலவே காட்ட முயன்றது. ஆப்பிள்சீட் (2004) முப்பரிமாண உருவங்களுக்குக் கைவரைவு போன்ற கோடும் வண்ணமும் தந்தது. கோன்சோ தனது கலப்பு முறையை லாஸ்ட் எக்ஸைல் (2003) உள்ளிட்ட தொடர்களில் மேலும் செம்மைப்படுத்தியது. மாஎதா, தி அனிமேட்ரிக்ஸ் (2003) தொகுப்பின் ஒரு கதையையும், கன்குட்சுவோ (2004) தொடரையும் இயக்கினார்.

கணினி வரைகலையின் தரம் பின்னர் பன்மடங்கு உயர்ந்துவிட்டதால், நீல நீர்மூழ்கி எண் 6 தொடரின் கப்பல்கள் இன்றைய பார்வையாளருக்கு எளிமையாகத் தோன்றலாம். எனினும் எதைக் கணினியிடம் ஒப்படைப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்று இத்தொடர் வகுத்த எல்லை நிலைத்துவிட்டது. கப்பல், வாகனம், எந்திரம் ஆகியவற்றைக் கணினியிலும் முகத்தைக் கையாலும் அமைப்பது ஜப்பானிய அசைவூட்டத்தில் பின்னர் பொதுவழக்காயிற்று.

இவற்றையும் பார்க்க

அசைவூட்டம்
மங்கா
கணினி வரைகலை
நீர்மூழ்கிக் கப்பல்
கடல்கோள்