தகுதிச் சான்று ஆய்வு (எஃப்.சி.)

லாரி, பஸ், வாடகை ஆட்டோ, டாக்ஸி ஆகியவை சாலையில் ஓடத் தகுதியானவைதானா என்று பார்த்துச் சான்று தரும் சோதனை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 56ஆம் பிரிவின்படி, இந்தச் சான்று இல்லாத வாடகை வாகனத்தின் பதிவே செல்லாது. புது வண்டிக்கு முதல் சான்று 2 ஆண்டுகளுக்கானது. 8 ஆண்டு தாண்டிய வண்டி ஆண்டுதோறும் ஆய்வுக்கு வர வேண்டும். சொந்தக் காருக்கு 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் இது தேவைப்படும்.

தமிழ்நாட்டில் எஃப்.சி. நெருங்கினால் வண்டி முதலில் பட்டறைக்குப் போகும். பெயின்ட் அடித்து, பிரேக் பார்த்து, பல்புகளை மாற்றுவார்கள். ஆய்வு நாளில் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பார். சேஸிஸ் எண் ஆவணத்தோடு பொருந்த வேண்டும். ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் வேலை செய்ய வேண்டும். டயரின் பள்ளம் கார், லாரிகளுக்கு 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒளிரும் பட்டை முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். பிறகு ஓட்டிப் பார்த்து பிரேக்கும் ஸ்டியரிங்கும் சோதிக்கப்படும். காப்பீடு, புகைச் சான்று, வரி ரசீது கையில் இருக்க வேண்டும்.

பள்ளி வாகனங்களுக்குக் கூடுதல் கண்டிப்பு உண்டு. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதே ஆண்டு தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனி விதிகள் கொண்டுவந்தது. அதன்பின் பள்ளி திறக்குமுன் நடக்கும் ஆய்வில் தரைப்பலகை, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான் எல்லாம் பார்க்கப்படுகின்றன.

குறை தென்பட்டால் சான்று கிடைக்காது. சரிசெய்து வண்டியை மீண்டும் கொண்டுவர வேண்டும்.