பேச்சிப்பாறை மலையோரப் பள்ளிகளில் உடற்கல்வியும் நலக்கல்வியும்

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் உடற்பயிற்சி, விளையாட்டு, யோகா ஆகியவற்றோடு உணவு, தூய்மை, வளரிளம் பருவம், முதலுதவி ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பிக்கும் பாடம் இது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கால அட்டவணையில் இதற்கு இடம் உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் 500 மதிப்பெண்ணில் இடம் இல்லை. இப்பாடத்தின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் அதற்கு ‘பி.டி. பீரியட்’ என்று பெயர்; நடத்துபவர் ‘பி.டி. சார்’, பழைய ஆட்களுக்கு ‘டிரில் சார்’.

பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர் என்ற ஆளைத் தமிழகத்துக்குத் தந்தவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். அவர் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்று நந்தனத்தில் இருக்கிறது. ஆசியாவிலேயே இவ்வகையில் முதல் கல்லூரி என்று போற்றப்படுவது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளரும் அவரே. அணிவகுப்பும் கட்டளையுமாக இருந்த டிரில்லுக்குப் பக்கத்தில் கூடைப்பந்து, கைப்பந்து போன்ற ஆட்டங்கள் பள்ளிக்குள் வந்ததில் அவருடைய மாணவர்களுக்குப் பங்கு உண்டு. விடுதலைக்குப் பின் தேசிய ஒழுங்குத் திட்டம் (1954), தேசிய உடல்தகுதிப் படை (1965) என்று ஒன்றிய அரசின் திட்டங்கள் வந்து போயின. 2005இல் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது.

இம்மாவட்டத்தின் பேச்சிப்பாறை, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மலையடிவார ஊர். கோதையாற்றின் குறுக்கே 1897 முதல் 1906 வரை கட்டிய அணையால் அறியப்படுவது. சுற்றிலும் ரப்பர் தோட்டம், அதற்கு மேலே காடு, காட்டுக்குள் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள். இங்கே ஒரு பள்ளி எந்த விளையாட்டில் பெயரெடுக்கும் என்பதைச் சமதளம்தான் தீர்மானிக்கிறது. 400 மீட்டர் ஓடுதளத்துக்கு ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் வேண்டும். சரிவை வெட்டிக் கட்டிய பள்ளிக்கு அது எட்டாத கணக்கு. கைப்பந்துக்கு 18க்கு 9 மீட்டர் போதும்; ஆடவர் கபடிக்கு 13க்கு 10, பெண்கள் ஆட்டத்துக்கு 12க்கு 8. மலையோரத்தில் கைப்பந்தும் கபடியும் தழைப்பதும், கடற்கரை ஊர்களில் கால்பந்து கொடிகட்டிப் பறப்பதும் நிலத்தின் அமைப்பை ஒட்டியவை. அடிமுறையும் வர்மமும் இம்மாவட்டத்தின் பழைய உடற்பயிற்சி மரபு. ஆனால் அதைப் பள்ளி மைதானத்தில் அல்ல, ஆசானின் களரியில்தான் கற்க முடியும்.

இரண்டு பருவமழையும் பெய்யும் வட்டாரம் என்பதால், ஜூன் தொடங்கி டிசம்பர் வரை மைதானம் பல நாள் சேறாகக் கிடக்கும், பி.டி. பீரியட் வராந்தாவில் கேரம், சதுரங்கத்தோடு முடியும். ஈர மண்ணில் வெறுங்காலோடு ஆடுவதில் இன்னொரு கேடும் உண்டு. கொக்கிப்புழு கால் தோலைத் துளைத்து உடம்புக்குள் புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். இரத்தசோகைக்கு அதுவும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதை 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டியது. இதற்காகவே பள்ளியில் குடற்புழு நீக்கும் அல்பெண்டசோல் மாத்திரையும், வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரையும் (60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்) தரப்படுகின்றன.

இரும்பு மாத்திரையைச் சாப்பிட்ட பிறகே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். ரப்பர் பால்வெட்டு விடியும் முன்பே தொடங்கும் வேலை. தாயும் தகப்பனும் பால்வெட்டப் போய்விட்ட வீட்டில், பிள்ளை தானே எழுந்து கட்டஞ்சாயாவோடு (பால் சேர்க்காத தேநீர்) கிளம்புவது நடக்கக்கூடியதே. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சத்துணவு பத்தாம் வகுப்புவரை உண்டு, ஆனால் அது மதியம். எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் காலை முதல் பீரியடில் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லும் முன், சாப்பிட்டாயா என்று கேட்பதுதான் இங்கே நலக்கல்வியின் முதல் பாடம்.

அந்தக் கேள்வியை யார் கேட்பது? மாத்திரை கொடுப்பது வகுப்பாசிரியர், உடலைச் சோதிப்பது சுகாதாரத் துறைக் குழு, இனப்பெருக்க மண்டலத்தை நடத்துவது அறிவியல் ஆசிரியர். மாதவிடாய், புகையிலை, போதை, பாலியல் தொல்லை, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவை விழிப்புணர்வு நாள் கூட்டத்துக்குத் தள்ளப்படுகின்றன. நலக்கல்வி என்ற பாதிக்குச் சொந்தக்காரர் இல்லை என்பதே உண்மை. உடற்கல்விப் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து அனுமதிக்கப்படுவதால், பிள்ளைகள் குறைந்த மலைப்பள்ளிகளுக்கு இதில் இழப்பு அதிகம். 2012இல் உடற்கல்வி, ஓவியம் முதலிய பாடங்களுக்காக மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. முழுநேர ஆசிரியர் இருக்கும் பள்ளியிலும் காலைக் கூட்டம், சீருடைச் சோதனை, பிந்தி வருவோர் விசாரணை எல்லாம் அவர் தலையில்தான். பீரியடைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் ‘கடன்’ வாங்கும் வழக்கத்தை நிறுத்தும்படி 2023இல் விளையாட்டுத் துறை அமைச்சர் உதயநிதி ஸ்டாலினே வெளிப்படையாகக் கேட்க வேண்டியிருந்தது.

இலங்கையில் ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ 6 முதல் 11ஆம் தரம்வரை அரசு வெளியிடும் தமிழ்ப் பாடநூலோடு கற்பிக்கப்படுகிறது. சாதாரணதரப் பரீட்சையில் விருப்பப் பாடமாக எழுதலாம். இரண்டு பாதியும் ஒரே நூலில், ஒரே ஆசிரியர் கையில் இருப்பது அதன் பலம். மைதானத்தில் ஆட வேண்டியதைத் தாளில் படம் வரைந்து அளவு குறிப்பதோடு முடித்துக்கொள்ளும் ஆபத்தும் அதில் உண்டு. தமிழ்நாட்டுப் பாடத்துக்கு அந்த ஆபத்து இல்லை. மதிப்பெண் இல்லாததால்தான் ஓட்டத்தில் கடைசியாக வருகிற பிள்ளையும் இங்கே அஞ்சாமல் ஓட முடிகிறது.

பள்ளி அணிகள் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படியேறும். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரிவுகள் உண்டு. அணி உருவாவது மாலை நான்கு மணிக்குமேல் நடக்கும் பயிற்சியில். பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தின் மறுகரையில் தச்சமலை, தோட்டமலை போன்ற குடியிருப்புகளுக்குப் படகில்தான் திரும்ப வேண்டும். மற்ற மலைக்கிராமங்களுக்கு எப்போதாவது வரும் பேருந்து. வீடு திரும்பும் பிள்ளைக்கு மாலைப் பயிற்சி கைகூடுவதில்லை. உண்டு உறைவிடப் பள்ளி விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு அந்த நேரம் மிச்சம்.