மாற்றாரையும் அழைக்கும் சொல்



அரசியல் மேடைகளில் கேட்கும் கடுஞ்சொற்கள் பலருக்கும் கவலையளிக்கின்றன. கருத்து வேற்றுமையே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேற்றுமைக்கு இடமில்லையேல் அது குடியாட்சி ஆகாது. மாறுபடுவோரை விலக்கிவிடாமல் பேச இயலுமா என்பதே கேள்வி. பல்லாண்டுகள் வரலாறு கற்பித்த எனக்கு, அதற்கு விடையாகத் தோன்றும் நிகழ்ச்சி ஒன்று உண்டு.

1946 டிசம்பர் 9-ஆம் நாள் டில்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியது. முஸ்லிம் லீகினர் வரவில்லை. 13-ஆம் நாள் பண்டித நேரு குறிக்கோள் தீர்மானத்தைக் கொணர்ந்தார். இந்தியா முழு இறைமை உடைய சுதந்திரக் குடியரசாகும் என்பது அதன் சாரம். லீகினரும் சமஸ்தானங்களின் பிரதிநிதிகளும் வரும்வரை அதை நிறைவேற்றாது காத்திருக்கலாம் என்றார் எம். ஆர். ஜெயகர். அதற்குச் சபையில் எதிர்ப்பு எழுந்தது.

17-ஆம் நாள், சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் எதிர்பாராத வகையில் டாக்டர் அம்பேத்கரைப் பேச அழைத்தார். காங்கிரஸை வன்மையாகக் கண்டித்து 1945-இல் நூல் வெளியிட்டவர் அவர். ஆயினும் அன்று பழங்கணக்கைத் தீர்க்க அவர் முற்படவில்லை. தீர்மானத்தின் குறைகளை மறைக்காமல் எடுத்துரைத்தார். நாடு ஒருநாள் ஒன்றுபட்டே தீரும் என்ற நம்பிக்கையையும் தெரிவித்தார். அச்சுறுத்தும் முழக்கங்களை விடுத்து, எதிர்ப்போரின் தப்பெண்ணங்களுக்கும் சற்று இடங்கொடுத்து, அவர்களும் மனமுவந்து உடன்வரச் செய்ய வேண்டும் என்றார். வாக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டு, 1947 ஜனவரி 22 அன்று தீர்மானம் நிறைவேறியது.

லீகினர் அப்போதும் வரவில்லை, நாடு பிரிந்தது. அப்படியானால் அப்பேச்சு வீணாயிற்றா? மேலே நடந்ததைப் பாருங்கள். பிரிவினையின் விளைவாக, வங்காளத்திலிருந்து பெற்ற இடத்தை அம்பேத்கர் இழந்தார். அவரைப் பம்பாயிலிருந்து மீண்டும் சபைக்கு வரச் செய்தவர்கள், அவருடைய கண்டனத்துக்கு ஆளான காங்கிரஸாரே! அதற்காக ராஜேந்திர பிரசாத்தே கடிதம் எழுதினார். அப்பேச்சு ஒன்றே காரணம் என்று துணிவதற்கில்லை. ஆனால் இருதரப்பாரும் மீண்டும் ஒன்றாக அமரும் வழியை அது அடைத்துவிடவில்லை என்பது உறுதி.

வரைவுக் குழுவின் தலைவரான அம்பேத்கர், சபையில் கொணரப்பட்ட 2,473 திருத்தங்களை எதிர்கொண்டார். 1949 நவம்பர் 25-ஆம் நாள் ஆற்றிய நிறைவுரையில், காமத், கே. டி. ஷா, குன்ஸ்ரு முதலிய மறுப்பாளர்களுக்கும் அவர் நன்றி கூறினார். அவர்கள் வினவியிராவிடில், அரசியலமைப்பின் தத்துவங்களை விளக்கும் வாய்ப்பே தமக்குக் கிட்டியிராது என்றார்.

மாணவர்களே, நாளை நீங்களும் மேடையேறுவீர்கள். உங்கள் கொள்கையைச் சிறிதும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பேசி முடித்தபின், உங்களை மறுத்தவர் உங்களருகே வந்து அமர இடம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இருக்குமாயின், நீங்கள் நாட்டுக்கு நன்மையே செய்தீர்கள்.